சூசை கட்டிய எஞ்சினும் நான் பூசிய பசையும்

காலை ஒன்பது மணி இருக்கும். காரின் சாவியைத் திருகிவிட்டு, ஸ்டீயரிங்கின் எதிரே எரியும் சிறிய சிவப்பு விளக்கு அணைவதற்காகக் காத்திருந்தேன். எஞ்சினுக்குள் ஆயில் ஏறிவிட்டது என்பதற்கு அந்த விளக்கு அணைவதே அடையாளம். அணைந்த பிறகும் இருபது எண்ணும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்பது மெக்கானிக் சூசை எனக்கு இட்ட கட்டளை. பதினான்கு எண்ணியிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. அவர் மனைவி லூர்துமேரி பேசினார். “ஐயா, அவரு போய்ட்டாருங்க. எழுந்து டீ குடிச்சாரு. நெஞ்சு அடைக்குதுன்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள போய்ட்டாருங்க.” எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அது அவர் கட்டிய எஞ்சின்.

மரக்காணத்திலிருந்து அனுமந்தை போகும் சாலையில், உப்பளங்கள் முடியும் இடத்தில் பட்டறை வைத்திருந்த சூசையை இம்மலரை வாசிக்கும் உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவருடைய முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருவோருக்கு வழங்குவதற்காக நண்பர்கள் இதை அச்சிடுகிறார்கள். “நாலு பாட்டு கலந்து நல்லா எழுதிக் குடுங்க ஐயா” என்று கேட்டார்கள். பாட்டு எதையும் நான் கலக்கப் போவதில்லை. தமிழாசிரியராகவும், ஓய்வுக்குப் பின் கோயில் மேடைகளில் சமயச் சொற்பொழிவாளராகவும் பேசிப் பழகிய நாக்கு என்னுடையது. சூசையைப் பற்றி அந்த நாக்கு சொன்ன ஒரு வரி இந்தக் கடற்கரையில் இன்னும் உலவுகிறது. அது உண்மையன்று. அதைத் திரும்பப் பெறுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் எல்லாவற்றின் மேலும் எதையாவது பூசித்தான் வைப்போம். உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. கதவுக் கீல், பூட்டு, கிணற்றடிக் குழாய், சைக்கிள் செயின் என எதுவாயினும் ஒரு விரல் கிரீஸ் எடுத்து அப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. கிரீஸ் டப்பா இல்லாத வீடு இங்கே இல்லை. தடித்துப் பூசினால் நெடுநாள் நிற்கும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. சூசை ஒருவர்தான் அந்த நம்பிக்கைக்கு அடங்காதவர். எஞ்சின் கட்டும் நாளில் பட்டறை வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கும். கை கால் கழுவாமல் எவரும் அவருடைய மேசையருகே போக முடியாது. உப்பளத்திலிருந்து நேரே வந்த ஒருவரை அவர் நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். “ஏம்பா, அங்கியே நில்லு. உன் கால்ல இருக்கிற உப்பு என் பேரிங்குக்கு விருந்து வெக்கும்.”

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் பழைய காரின் எஞ்சினை அவர் முழுவதும் பிரித்துக் கட்டினார். வண்டி அதிகமாகப் புகைத்தது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. இரண்டு வாரம் நாள்தோறும் போய் ஒரு நாற்காலியில் அமர்ந்து அந்த வேலையைப் பார்த்தேன். கருவறையில் அபிடேகம் நடக்கும்போது இருக்கும் ஒழுங்கு அந்தத் தகரக் கொட்டகையில் இருந்தது. சொல்லும்போது மிகையாகத் தோன்றலாம். நான் இரண்டையும் அருகிருந்து பார்த்தவன்.

கிராங்கு என்னும் தண்டு சுழலும் இடத்தில் பிறைபோல் வளைந்த மெல்லிய பேரிங் தகடுகள் அமர்கின்றன. அவற்றின் உட்புறம் முழுவதும் ஆயிலைத் தடவினார். பிறகு அதே தகட்டின் முதுகைச் சுத்தமான துணியால் மூன்று முறை துடைத்தார். ஒரு பக்கம் நனைப்பதும் மறுபக்கம் உலர்த்துவதும் ஏன் என்று கேட்டேன்.

“சுத்தற பக்கம் ஆயில் வேணுங்க. உக்கார்ற பக்கம் காஞ்சிதான் இருக்கணும். முதுகுல ஈரம் இருந்தா நிக்காது, தண்டோட சேர்ந்து இதுவும் சுத்திக்கினு போயிடும்.”

“நான் எல்லாப் பக்கமும் தடவினால் நல்லது என்று நினைத்தேன்.”

“உங்க கோயில்ல சாமிக்கு எண்ணெய்க் காப்பு பண்றீங்களே, தலையில இருந்து கால் வரைக்கும். அது சாமி, தாங்கும். இது எஞ்சினுங்க ஐயா. எங்க கேக்குதோ அங்கதான் குடுக்கணும்.”

எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில், கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட் என்ற மெல்லிய தகட்டை அவர் ஒன்றும் தடவாமல் வைத்தார். அதற்கு முன், அது அமரும் இரும்புப் பரப்பை அரை நாள் சுரண்டித் துடைத்து, ஒரு நேர்ச்சட்டத்தை நெடுகிலும் குறுக்கிலும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்புறமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக இறுக்கினார். அடியில் உள்ள ஆயில் தொட்டியை மாட்டும்போது மட்டும் ஒரு பசைக் குழாயை எடுத்தார். பேஸ்ட் என்பார் அதை. இரண்டு கேஸ்கட் துண்டுகள் சந்திக்கும் மூலைகளில் மட்டும், ஓர் அரிசி அளவுக்கு, கருநிறத்தில் வைத்தார். இவ்வளவுதானா என்று கேட்டேன். “வெளிய பிதுங்கறது கண்ணுக்குத் தெரியும், தொடச்சிடலாம். உள்ள பிதுங்கறது யாருக்குங்க தெரியும்?” என்றார். அந்தச் சொற்களை அன்று நான் செவியால் மட்டுமே கேட்டேன்.

முதன்முறை எஞ்சினை ஓட்டுவதற்கு முன், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் எல்லா இடமும் ஏறிச் சிவப்பு விளக்கு அணையும்வரை வெறுமனே சுழற்றினார். “மொத தடவ வறட்சியா சுத்திட்டா அந்தக் கீறல் ஆயுசுக்கும் போவாது” என்றார். விளக்கு அணைந்தபின் இருபது எண்ணும் கட்டளையை எனக்கு இட்டதும் அன்றுதான்.

வண்டி வந்து ஒரு வாரத்தில், எஞ்சினின் மேல்மூடி ஓரத்தில் ஆயில் மெல்லக் கசிந்தது. அந்த மூடிக்கடியில் இருப்பது தக்கையால் ஆன கேஸ்கட். சூசையிடம் காட்டினேன். “தக்க இன்னும் உக்காரலீங்க. நாலு நாள் ஓட்டுங்க, சூட்டுல படியும். நான் வேளாங்கண்ணி போய்ட்டு வந்து கால் சுத்து இறுக்கித் தர்றேன். அதுவரைக்கும் யாரையும் கை வெக்க வுடாதீங்க” என்றார். அவர் புறப்பட்டுப் போனார். எனக்கோ வானூரில் மூன்று நாள் தொடர் சொற்பொழிவு. சூடான எஞ்சின்மேல் ஆயில் சொட்டி எழும் நெடியோடு கோயில் வாசலில் போய் இறங்குவது எனக்கு இழுக்காகப் பட்டது.

திண்டிவனத்தில் ஒரு கடையில் பேஸ்ட் வாங்கினேன். கடைக்காரர் தந்தது நீல நிறம். வீட்டு முற்றத்தில் அந்த மூடியைக் கழற்றி, தக்கையின் மேலும் கீழும், கதவுக் கீலுக்குக் கிரீஸ் அப்புவது போலவே, குழாய் தீரும்வரை பிதுக்கிப் பூசி மூடினேன். வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டேன். கசிவு நின்றது. நாற்பது ஆண்டு கருவியைப் பிடித்தவருக்கு வராதது எனக்கு ஒரு முற்பகலில் வந்துவிட்டது என்ற இறுமாப்போடு அன்று பகலுணவு உண்டேன். இதை எவரிடமும் சொல்லவில்லை. சூசை திரும்பி வந்து, “கசிவு எப்படிங்க ஐயா?” என்று கேட்டபோதும், “நின்றுவிட்டது” என்று மட்டுமே சொன்னேன்.

மேலும் இருபது நாள் வண்டி நன்றாகவே ஓடியது. ஒருநாள் கிளியனூரை நெருங்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கியது. எங்கள் ஊரில் விளக்கு மினுக்கினால், உப்புக் காற்றில் கம்பி அரித்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். நானும் அப்படியே நினைத்து ஓட்டினேன். மூன்று கிலோமீட்டர் கடந்திருப்பேன். உலக்கையால் குத்துவது போல ஒரு சத்தம் எஞ்சினுக்குள் எழுந்தது. ஒரு டீக்கடையின் எதிரே வண்டி அடங்கிவிட்டது.

பத்துப் பேர் கூடினார்கள். அவர்களில் எங்கள் ஊர் உப்பள முதலாளி ஒருவரும் இருந்தார். உப்புநீர் இறைக்கும் தம்முடைய எஞ்சின்கள் ஏழையும் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சூசைக்குக் கொடுக்கவிருந்தவர் அவர். “இப்பத்தான் எஞ்சின் கட்டினீங்கன்னு கேள்விப்பட்டேனே, யாருங்க ஐயா கட்டினது?” என்று கேட்டார். வெயில், அவமானம், அன்றைய பேச்சுக்காகக் காத்திருக்கும் கூட்டம். ஆயினும் அவற்றின்மேல் பழி போடமாட்டேன். எதுகை தேடிப் பழகிய என் நாக்கு ஒரு நொடியில் கட்டிக் கொடுத்தது: “சூசை கட்டினால் ஓசை.” கூட்டம் சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

நான் வெண்பாக்கள் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் அம்மன்மேல் ஓர் அந்தாதியும் பாடியிருக்கிறேன். அவற்றில் ஒரு வரியும் எவருக்கும் மனப்பாடம் இல்லை. என் வாழ்நாளில் மக்கள் மனப்பாடம் செய்த ஒரே வரி இதுதான். நான் ஊர் திரும்புவதற்கு முன்பே அது திரும்பிவிட்டது. படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்த அனுமந்தை மீனவர்கள், “இன்னா சூசை, ஓசை வராம கட்டுவியா?” என்று கேட்டுவிட்டுத்தான் இறக்கி வைத்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். உப்பள முதலாளியின் ஏழு எஞ்சின்களும் வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்குப் போயின.

என் வண்டியைச் சூசையே கிளியனூருக்கு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். மூன்றாம் நாள் அழைத்தார். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் எஞ்சின் அடித்தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாய். அதன் முனையில் இருக்கும் சல்லடை முழுவதையும் நீல நிறத்தில் புழுப்புழுவாக ஏதோ அடைத்திருந்தது. நான் உடனே புரிந்துகொண்டேன். தக்கைக்கு மேலும் கீழும் நான் அப்பிய பசை உட்புறமும் பிதுங்கி, காய்ந்து, துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயில் இறங்கும் துளைகள் வழியே அடிக்குப் போய்ச் சல்லடையை மூடிவிட்டது. எண்ணெய் மேலே ஏறவில்லை. பேரிங்குகள் வறண்டு தேய்ந்துவிட்டன. சிவப்பு விளக்கு மெய்யைத்தான் சொல்லியிருந்தது.

சூசை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஐயா, நடுவுல யாராவது மேல்மூடியத் தொறந்தாங்களா?”

“இல்லை” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நீலத் துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பெட்ரோலில் அலசித் துடைத்து, ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு மூடி என்னிடம் நீட்டினார். “உங்க வண்டியில இருந்ததுங்க. நீங்களே வெச்சிக்கோங்க.” அவர் பட்டறையில் நீல பேஸ்ட் இருந்ததே இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளியனூரில் நான் சொன்னது அறியாமல் சொன்ன தவறு. அந்த ‘இல்லை’க்குப் பிறகு அது பொய்.

அவர் எஞ்சினை மறுபடியும் முதலிலிருந்து கட்டினார். அதே குடம், அதே துணி, அதே அரிசி அளவு கரும்பசை. ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. பேச்சில் மரியாதை குறையவில்லை. இம்முறை நாற்காலியில் அமர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை. ஊரார் அவரிடம், “என்னதான்பா ஆச்சு ஐயா வண்டிக்கு?” என்று கேட்டபோது, “என் நேரம்” என்று சொன்னாராம். இதைச் சொன்ன எங்கள் ஊர் டீக்கடைக்காரர், “பாவம், ஒத்துக்கினான் ஐயா” என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அப்போதாவது என் வாய் திறந்திருக்கலாம். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

அடுத்த ஆண்டு கிளியனூரில் ஒரு கோயிலில் வாய்மை என்ற பொருளில் பேசினேன். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம். பழம்பாடல்களும் புராணங்களும் தங்கு தடையின்றி வந்தன. முடியும் தறுவாயில்தான் பந்தலின் பின்புறம் பார்த்தேன். அன்றைக்கு ஓடிய ஜெனரேட்டரின் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு ஒரு கல்மேல் அமர்ந்திருந்தார் சூசை. அதைப் பழுதுபார்க்க அழைத்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

“நீ கேட்டுக்கொண்டா இருந்தாய், சூசை?”

“ஜெனரேட்டர் சத்தத்துல பாதி கேக்கலீங்க ஐயா. மீதி பாதி நல்லா இருந்துச்சு.”

ஏளனம் அவர் குரலில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் துணிவு வந்திருக்கும் என்று இன்று தோன்றுகிறது. ஒருவர் எனக்குச் சால்வை போர்த்த வந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் சூசை தம் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அதன்பின் எட்டு ஆண்டுகள். தைப்பூசத்தன்று சொல்லலாம், அவர்கள் மாதா கோயில் தேர்த் திருவிழாவில் சொல்லலாம், அவர் மகள் திருமணத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம் என்று நாள் குறித்துக்கொண்டே இருந்தேன். திருமணத்தில் வாழ்த்திப் பேச அழைத்தார்கள். மணமக்களை வாழ்த்தினேன்; மணமகளின் தந்தையைப் பற்றி இரண்டு நல்ல அடைமொழிகள் சொல்லி இறங்கினேன். பழைய பாடல்களில் வரும் உப்பு வணிகரைப் பற்றி மேடையில் உருகிப் பேசியவன் நான். உப்பு வெளியில் எங்களோடு வாழ்ந்த ஒருவருக்கு என்னால் உரியதை உரிய நாளில் கொடுக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தீப்பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். லூர்துமேரியிடம் அதைக் கொடுத்து, திறந்து காட்டி, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மேடைத் தமிழ் எதுவும் அன்று வாயில் வரவில்லை.

அந்த அம்மையார் முழுவதும் கேட்டார். “தெரியுங்க ஐயா” என்றார். “அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. நான்தான் சண்ட போட்டேன். போய் டீக்கடையில நாலு பேரு முன்னால சொல்லுன்னேன். கேக்கல. ‘நான் சொன்னா நாளைக்கு அவரு பேச்ச எவன் உக்காந்து கேப்பான்? ஐயாவே சொல்லுவாரு பாரு. பேஸ்ட் காயவே நேரம் குடுக்கறோம், மனுசனுக்குக் குடுக்க மாட்டமா’ன்னாரு.”

பிறகு தீப்பெட்டியை மூடி, “ஒம்பது வருசம் ஆச்சுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அங்கே அழுது தீர்த்திருப்பேன்.

தீப்பெட்டியை அவர் வைத்துக்கொள்ளவில்லை. கணவர் சொன்ன அதே சொற்களோடு திருப்பித் தந்தார்: “உங்க வண்டியில இருந்தது, நீங்களே வெச்சிக்கோங்க ஐயா.”

எனவே, சூசையை அறிந்த உங்கள் அனைவருக்கும், குறிப்பாக அந்த உப்பள முதலாளிக்கும், கிளியனூர் டீக்கடையில் அன்று சிரித்தவர்களுக்கும், அனுமந்தை மீனவர்களுக்கும் இதை எழுதித் தருகிறேன். என் காரின் எஞ்சினைச் சூசை குறையில்லாமல் கட்டினார். அவர் தொட வேண்டாம் என்று சொன்ன மூடியைத் திறந்து, பசையை அப்பி, அதைக் கெடுத்தவன் நான். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னவனும் நான். இந்த வரியில் எதுகை இல்லை. எளிதில் மனத்தில் நிற்காது. ஆயினும் பழைய வரியை எங்கேனும் கேட்டால், அதன் இடத்தில் இதைச் சொல்லுங்கள்.

அவர் இரண்டாம் முறை கட்டிய எஞ்சின் ஒன்பது ஆண்டாக ஒரு துளி கசியாமல் ஓடுகிறது. விளக்கு அணைந்தபின் இருபது எண்ணுகிறேன். தீப்பெட்டி என் பூசை அலமாரியில் திருநீற்றுக் கலயத்தின் அருகில் இருக்கிறது. நாள்தோறும் திருநீறு எடுக்கும்போது அதைத் திறந்து பார்க்கிறேன். அந்த அலமாரியின் கீலை உப்புக் காற்று இரண்டு முறை தின்றுவிட்டது. பூசை விளக்கின் தண்டில் களிம்பு ஏறிவிட்டது. அந்த நீலத் துண்டுகள் மட்டும் அன்று அவர் அலசித் துடைத்துப் போட்டபடியே, சற்றும் நிறம் மங்காமல் இருக்கின்றன.